உருமி முழங்கும் ஊரில் காதின் கணக்கு

ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு, காப்பிக் கடை, வார இறுதிக் கூட்டம், மேடை போட்டுப் பாடும் உணவகம். அவர்களின் தாத்தா பாட்டிக்கு அது பால்மரக் காடு. ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்து கிடந்த தோட்டம், வீடமைப்புத் திட்டங்கள் வந்த பிறகு அடையாளமே மாறிப் போனது. பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்குத் தொழிலாளர் கூடிய பகுதியில் இன்று சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை நிற்கிறது, கடைவீதிகள் நிற்கின்றன, நள்ளிரவு தாண்டியும் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. கூலாய், மாசாய், ஸ்கூடாய் என்று ஜொகூரின் தென்பகுதி முழுக்க இதே கதைதான். தோட்டம் தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, மாறிய கதையை நாம் நிறையவே எழுதிவிட்டோம். வீடு போனது, கோயில் இடம்பெயர்ந்தது, தமிழ்ப்பள்ளி மூடப்பட்டது என்றெல்லாம் எழுதினோம். அந்த மாற்றத்தில் நம் காதுக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

நான் வளர்ந்தது ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அங்கே பெருஞ்சத்தம் என்பது ஆண்டுக்கு ஒருமுறை. மற்ற நாள்களில் விடியுமுன் பெரட்டு மணி, பிறகு காண்டா என்ற தோள்கம்பில் தொங்கும் வாளிகள் மோதிக்கொள்ளும் ஒலி, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளின் அழுகை, அவ்வளவுதான். வெயில் ஏறினால் ரப்பர் காய் வெடிக்கும் 'டப்' சத்தம் காட்டுக்குள்ளிருந்து லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும். இரவு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டால் அதன் பிறகு தவளைகளும் மழையும்தான். அந்த அமைதியின் நடுவே மாரியம்மன் திருவிழாவின் முதல் தவில் அடி விழும்போது உடம்பு சிலிர்த்ததற்குக் காரணம் தவிலின் வலு மட்டும் இல்லை. அதற்கு முந்தைய பல மாதங்களின் அமைதியும் அந்த அடியோடு சேர்ந்து ஒலித்தது.

திருவிழா மூன்று நாள் நடக்கும். பட்டணத்திலிருந்து நாயனக்காரரும் தவில்காரரும் வருவார்கள். தோட்டத்து ஆட்களே தப்பு அடிப்பார்கள், உருமி அடிப்பார்கள். தோல் தளர்ந்துபோனால் சருகைக் கூட்டித் தீ மூட்டி, அதன் அனலில் தப்பைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மீண்டும் காட்டுவார்கள். அந்த இடைவெளியில் ஊருக்கே கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஒரு மரத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். அதற்குச் சில பத்து வாட் ஆம்பிளிபையர்தான். பாட்டு கரகரவென்று வரும், கீழ்ஸ்தாயி ஒலி என்று ஒன்றுமே இருக்காது, ஆனால் தோட்டத்தின் அடுத்த டிவிசன் வரைக்கும் கேட்கும். கேட்டதே தவிர, காதை உடைக்கவில்லை. கூம்புக்குக் கீழேயே யாரும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கவில்லை. திறந்த வெளியில் ஒலி தூரத்தோடு சீக்கிரம் குறையும். மேளத்திலிருந்து இருக்கும் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் போய்விடும். 2 மீட்டரில் நின்றவர் 16 மீட்டருக்கு நகர்ந்தால் 18 டெசிபல் குறைகிறது. கோயில் திடலில் பெண்களும் பிள்ளைகளும் பாய் விரித்து உட்காரும் இடம் இயல்பாகவே அந்தத் தூரத்தில்தான் இருந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, திடல் செய்து கொடுத்தது.

அந்தக் காலத்தை முழுக்கப் புகழ்வதற்கும் எனக்கு மனம் வரவில்லை. வாசித்தவர்களின் காது அன்றும் தப்பவில்லை. நாகசுரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே உருவானவை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் சாமி ஊர்வலத்தின் முன்னும் பின்னும் தெரு முழுக்கக் கேட்க வேண்டிய வாத்தியங்கள். வலது தலையில் விரல்கூடு மாட்டிய கையும் இடது தலையில் கழியும் விழும்போது, தவில்காரரின் காது அந்தத் தோலிலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கிறது. "மேளக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசு" என்று எங்கள் லயத்தில் சாதாரணமாகச் சொல்வார்கள். வயசாகிவிட்டது என்று அதை விட்டுவிட்டோம். அவருக்கு நாற்பதோ ஐம்பதோதான் இருக்கும். அவர் கேட்டுக் கேட்டு நமக்கு வாசித்ததன் விலை அது என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

காதுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உள்காதில் நத்தை வடிவிலான ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். நாம் பிறக்கும்போது கிடைப்பது அவ்வளவுதான். ஒலியின் அதிர்வை நரம்புக்கான செய்தியாக மாற்றுவது இவைதான். பெருஞ்சத்தம் இவற்றை முதலில் களைக்க வைக்கும், பிறகு வளைக்கும், தொடர்ந்து வந்தால் கொன்றுவிடும். பால்மரத்தில் கத்தி போட்ட இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்து மறுபடி பால் வெட்டலாம். இந்தச் செல்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பறவைகளுக்கு இவை மீண்டும் வளர்கின்றன என்று 1980களிலேயே கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு வளர்வதில்லை.

கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது காது அடைத்தாற்போல இருக்கும், 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் கேட்கும், மறுநாள் சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்றுதான் மருத்துவ உலகமும் நெடுநாள் நம்பியது. 2009இல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளிடம் செய்த ஆய்வில் வேறொன்று தெரிந்தது. கேட்கும் அளவு பழையபடி திரும்பிய பிறகும், செல்லையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளில் பெரும் பகுதி அழிந்து போயிருந்தது. அமைதியான அறையில் செய்யும் பரிசோதனையில் இந்தக் குறை பிடிபடாமல் போகலாம். மனிதரிடமும் இப்படித்தான் நடக்கிறதா, எந்த அளவுக்கு என்பது இன்னும் ஆராயப்படுகிறது. ஆனால் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்தும், கூட்டத்தின் நடுவே பக்கத்தில் இருப்பவர் பேசுவது பிடிபடவில்லை என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். நம் குடும்பங்களில் அவர்களை "கவனிக்கிறதே இல்லை" என்று திட்டுகிறோம்.

இரைச்சலால் வரும் காது மந்தம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் குழி தோண்டும். அப்போது சத்தம் கேட்கும், சொல் விளங்காது. 'பத்து' என்றதா, 'பட்டு' என்றதா, 'பக்கு' என்றதா என்று குழப்பம் வரும். உயிரொலி காதில் விழும், மெய்யெழுத்து நழுவும். பேரப்பிள்ளையின் மெல்லிய குரலும் பெண்களின் குரலும்தான் முதலில் தொலைந்து போகும்.

இனி ஜொகூரின் இன்றைய நாள் ஒன்றைப் பாருங்கள். விடிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்து ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பையன்கள் எத்தனை பேர்! வேகச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலே 95 டெசிபலைத் தாண்டக்கூடும். அங்கே பட்டறையில் எட்டு மணி நேரம். திரும்பும்போது அதே காற்று. வீட்டுக்கு வந்தால் காதுக்குள் இயர்போன். சனிக்கிழமை கல்யாண டின்னர். ஞாயிற்றுக்கிழமை உருமி ஒத்திகை. தோட்டத்து அப்பாவுக்கு ஆண்டில் மூன்று நாள் கிடைத்த சத்தம் மகனுக்கு வாரத்தில் ஏழு நாளும் கிடைக்கிறது. இதில் எது வேலை, எது பக்தி, எது மகிழ்ச்சி என்று காது பிரித்துப் பார்ப்பதில்லை. வந்த ஒலியின் மொத்த ஆற்றலை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறது.

அந்தக் கூட்டலுக்கு மலேசியச் சட்டத்திலேயே ஓர் அளவு இருக்கிறது. அதுவும் மாறியிருக்கிறது. 1989இல் தொழிற்சாலைகளுக்கென்று வந்த இரைச்சல் விதிமுறை, நாளுக்கு 8 மணி நேரம் 90 டெசிபல் வரைக்கும் அனுமதித்தது. 95 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 2019 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த புதிய விதிமுறை வரம்பை 85ஆகக் குறைத்தது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும் என்ற கணக்கும் அதோடு வந்தது. 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2, 94க்கு ஒன்று. அன்று 4 மணி நேரம் பரவாயில்லை என்று சொன்ன 95 டெசிபலுக்கு இன்று முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். 82ஐத் தாண்டும் இடத்திலேயே முதலாளி விழித்துக்கொண்டு இரைச்சலை அளக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இரைச்சலால் கேள்வித்திறன் போனால் அது தொழில்நோய்; சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு கேட்கலாம்.

பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறையிலோ இரும்பு ஆலையிலோ வேலை செய்யும் நம் இளைஞனுக்கு இதெல்லாம் மனப்பாடம். நூல் கோத்த ஆரஞ்சு நிற இயர் பிளக் இல்லாமல் உள்ளே போனால் பாதுகாப்பு அதிகாரி எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து, பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அவனும் ஒழுங்காகச் செய்கிறான். வேலை முடிந்து மாசாய்ப் பக்கத்துக் கோயில் கொட்டகைக்கு ஒத்திகைக்கு வருகிறான். வந்ததும் கழுத்தில் தொங்கும் அந்த நூலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு உருமியைத் தோளில் மாட்டுகிறான். இதை நான் ஒரு தடவை அல்ல, பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதைக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தச் சட்டைப் பைதான். இயந்திரத்தின் சத்தம் ஆபத்து என்று நம்பும் மனம், சாமிக்கு அடிக்கும் மேளம் காதைக் கெடுக்காது என்று எப்படி நம்புகிறது?

உருமிக் குழுக்களும் மாறிவிட்டன. தோட்டத்தில் ஓர் உருமி, ஒரு தப்பு, ஒரு ஜால்ரா இருந்தாலே திருவிழா களைகட்டிவிடும். இன்று ஒரே மாதிரி டி-சட்டை போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். உருமியின் இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து இழுத்தால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஓர் உறுமல் எழும். அதோடு வலப்பக்கத்து அடியும், பக்கத்தில் நிற்பவர்களின் தவிலும், ஜால்ராவும் கூடுகின்றன. தவிலில் வார்க்கட்டு போய் இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன. செயற்கைத் தோல் போட்டால் மழையில் தளராது, தீயில் காட்டவும் வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம். அனலில் காட்டும் அந்தச் சிறு ஓய்வும் போயிற்று. கொட்டகைக்குத் தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர். நடுவில் நிற்பவனுக்கு நாலா பக்கமும் மேளம். அங்கே 100 டெசிபல் பெரிய காரியமே இல்லை. 15 நிமிடத்தில் அன்றைய கணக்கு முடிந்துவிடும், ஒத்திகையோ இரண்டு மணி நேரம்.

நான் இந்தப் பையன்களை மதிக்கிறேன். தோட்டம் கலைந்து, ஊர் சிதறி, ஒருவரை ஒருவர் தெரியாத அடுக்குமாடி வீடுகளில் வந்து விழுந்த பிறகு, பல பிள்ளைகளை ஒன்றாகக் கட்டி வைத்தது இந்த மேளம்தான். உருமிக் குழுக்களை அடிதடிக்காரர்கள் என்று முத்திரை குத்திப் பேசுபவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அவர்களின் இசை நீடிக்க வேண்டும் என்பதால்தான் அவர்களின் காதைப் பற்றிப் பேசுகிறேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு வழியில் போனார்கள். தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் இசைக்கக் கூடாது என்று 1973இல் சிங்கப்பூர் தடை விதித்தது. குழுக்களுக்கிடையே சச்சரவு வருகிறது, பொது ஒழுங்கு கெடுகிறது என்பதே சொன்ன காரணம். காதைப் பற்றிய கவலை அதில் இல்லை. 2015 தைப்பூசத்தில் உருமி அடித்ததை ஒட்டி எழுந்த பிரச்சினைக்குப் பிறகு, 2016 முதல் ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். ஜொகூரிலோ தைப்பூசம் மாநிலப் பொது விடுமுறை, காவடிக்கு முன்னால் மேளம் முழங்கத் தடை இல்லை. எனக்குத் தடையில் நம்பிக்கை கிடையாது. நாற்பது ஆண்டுக்கும் மேலாக மேளமில்லாமல் காவடி எடுத்தவர்களின் மனக்குறையை நேரில் கேட்டவர்களுக்கு அது புரியும். அளவைப் பற்றிப் பேசும் துணிச்சல் இருந்தால் தடையைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

உண்மையில் ஜொகூர் முழுக்கவே மேளத்தின் மண்தான். சீனர்களின் 24 பருவ முரசு பிறந்தது இதே ஜொகூர் பாருவில், 1988இல், ஃபூன் இயூ உயர்நிலைப் பள்ளியில். ஆண்டின் 24 பருவங்களுக்கும் ஒன்றாக 24 முரசு. 2009இல் அது தேசிய மரபுச் செல்வமானது. இன்று உலகம் முழுக்கக் குழுக்கள் இருக்கின்றன. மறுபக்கம் மூவார்ப் பக்கம் போனால் மலாய் கஜல். இந்தியாவிலிருந்து வந்த ஆர்மோனியமும் தபலாவும் கம்புஸ் என்ற நரம்பு வாத்தியத்தோடு சேர்ந்து, ஒரு வீட்டு முன்கூடத்துக்குள் அடங்கும் ஒலியில் பாடப்பட்ட இசை. நெருங்கி உட்கார்ந்து கேட்க வேண்டிய இசையும், தெரு முழுக்க முழங்க வேண்டிய இசையும் இந்த மாநிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஸ்பீக்கர்தான் என்பதுதான் என் வருத்தம்.

கல்யாண டின்னரில் இது அப்பட்டமாகத் தெரியும். மண்டபத்தில் பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசைகள், மேடையின் இரு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், கீழே சப்-வூஃபர். மேடைக்கு முன் மேசை பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும். மரியாதை என்று நினைத்துத்தான் அங்கே உட்கார வைக்கிறோம். திடலில் நகர்ந்தால் சத்தம் குறையும். மண்டபத்தில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்புவதால் கொஞ்ச தூரத்துக்குப் பிறகு எங்கே உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பெரிய கச்சேரிகளில் வரிசையாகத் தொங்கவிடும் ஸ்பீக்கர்கள் கடைசி இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்தைக் கொண்டுபோகவே வடிவமைக்கப்பட்டவை. பேருந்து பிடித்துக் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குக் கச்சேரி பார்க்கப் போகிற நம் பிள்ளைகள் மலிவு டிக்கெட்டில் பின்னால் உட்கார்ந்தாலும் காதுக்குப் பெரிய சலுகை இல்லை. ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் ஆலயம் 1922இல் ஒரு சிறு குடிலாகத் தொடங்கியது. 2009இல் கண்ணாடிக் கோயிலாக எழுந்தது, சுவரெல்லாம் மின்னுகிறது, பார்க்கக் கண்கோடி வேண்டும். கண்ணாடியும் பளிங்கும் ஒலியை உறிஞ்சுவதில்லை. குடிலுக்குப் பொருந்திய ஒலி அளவு இப்படிப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தாது என்பதை எல்லாக் கோயில் நிர்வாகங்களும் யோசிக்க வேண்டும்.

அளவை அறியக் கருவிகூட அவசியமில்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது. காதோரம் வாயை வைத்துக் கத்த வேண்டியிருந்தால் அதைவிடப் பல படி மேலே. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் நியோஷ் ஐபோனுக்கு இலவசமாகவே ஒன்று வெளியிட்டிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கச்சேரி அரங்குகளுக்கென்று ஒரு தரநிலை வெளியிட்டது. எந்தப் 15 நிமிடத்தை எடுத்தாலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அளவை நேரலையாகக் கவனிக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தரும் அமைதியான இடம் ஒன்று இருக்க வேண்டும், வருபவர்களுக்கு இயர் பிளக் கிடைக்க வேண்டும் என்கிறது அது. இதில் எதுவும் ஒரு கோயில் கமிட்டியால் முடியாத காரியம் இல்லை.

"அடைத்துக்கொண்டால் தாளம் கேட்காதே" என்பார்கள். ஆலையில் கொடுக்கும் பஞ்சு பிளக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்வது நியாயம்தான். அது மேல்ஸ்தாயி ஒலியை அதிகமாக அடைத்துவிடும், நாகசுரம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆகிவிடும். 1980களின் கடைசியிலேயே இசைக் கலைஞர்களுக்கென்று வேறு வகை வந்துவிட்டது. மேல், கீழ் ஒலிகளை ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் வடிகட்டி உள்ளவை அவை. இசை அப்படியே இருக்கும், ஒலியளவு மட்டும் இறங்கும். காதின் அச்செடுத்துச் செய்பவை விலை அதிகம். பொது அளவில் சிலிக்கோனில் வருபவை பெரும்பாலான குழுக்களுக்குப் போதும். ஒரு டி-சட்டை அச்சடிக்கும் செலவில் வாங்கிவிடலாம். உருமி அடிப்பவனுக்கு அடி உடம்பு வழியாகவும் ஏறுகிறது, அதனால் தாளம் தப்பாது. முதல் இரண்டு மூன்று ஒத்திகை விநோதமாக இருக்கும். பிறகு பக்கத்து ஆளின் அடி முன்பைவிடத் தெளிவாகப் பிரிந்து கேட்கிறது என்று போட்டுப் பழகியவர்கள் சொல்கிறார்கள்.

பஞ்சு பிளக்கே போடுகிறவர்கள் அதையாவது சரியாகப் போட வேண்டும். பெரும்பாலோர் காது வாசலில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதில் பாதிப் பலன்கூட இல்லை. பிளக்கை இரு விரலால் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் காதின் வளைந்த பாதை நேராகும். அப்போது உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

பாதிப்பு மேளக்காரருக்கு மட்டுமே என்று நினைக்க வேண்டாம். லண்டனின் ராயல் ஆப்பரா ஹவுஸில் வியோலா வாசித்த ஒரு கலைஞர், 2012இல் ஓர் ஒத்திகையில் பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால் உட்கார வைக்கப்பட்டுக் கேள்வித்திறன் கெட்டு, தொழிலையே விட வேண்டியதாயிற்று. 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இசையின் அழகு அதன் சத்தத்தைச் சட்டத்திலிருந்து விலக்கிவிடாது என்பது அந்த வழக்கால் உறுதியானது. 2024இல் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் தமக்கு அரிய வகை நரம்புக் கேள்விக்குறைபாடு வந்திருப்பதாக அறிவித்தார். வைரஸ் தாக்கமே காரணம் என்று மருத்துவர்கள் சொன்னதாகக் குறிப்பிட்டவர், உரத்த இசையையும் ஹெட்போனையும் பற்றி இளையவர்களை எச்சரிக்கவும் செய்தார். அவர் குரலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தச் செய்தி ஓர் உலுக்கு.

கோயில் கமிட்டிகளிடமும் மண்டபம் எடுப்பவர்களிடமும் நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒலி அமைப்பாளரிடம் முன்பணம் கொடுக்கும்போதே அளவைப் பேசிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைத் தலைக்கு மேல் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி மேசையையும் கைப்பிள்ளைக்காரர்களையும் அதன் எதிரே வைக்காதீர்கள். மேளக் குழு அரை மணி அடித்தால் பத்து நிமிடம் நிற்கட்டும், அந்த நேரத்தில் ஒரு தேவாரம் பாடட்டும். காவடி எடுக்கும் இடத்தில் திருநீற்றுத் தட்டு வைக்கும் மேசையிலேயே ஒரு டப்பா இயர் பிளக்கும் வையுங்கள். கைக்குழந்தைக்குப் பஞ்சு பிளக் கூடாது; காதை மூடும் மஃப் கடைகளில் கிடைக்கிறது, அதை மாட்டுங்கள், இல்லையென்றால் மேளத்திலிருந்து பிள்ளையைத் தள்ளியே வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டும். மேளம் அடித்தோ கச்சேரி கேட்டோ வந்த காது இரைச்சல் இரண்டொரு நாளுக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்துக்குப் போய், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அந்தக் கடிதத்துக்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அதற்கான மருந்து முதல் சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். திருவிழா முடியட்டும், சம்பளம் வரட்டும், தைப்பூசக் களைப்பு தீரட்டும் என்று தள்ளிப்போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் போனவர்களிடம், இப்போது பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொல்ல நேர்கிறது. அடுத்த ஒத்திகைக்கு வரும் பையன்களிடம் குழுத் தலைவர் தாளத்தைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லட்டும். சொல்லிவிட்டு, அந்த ஆரஞ்சு பிளக்கைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லட்டும்.